வரைபடத்தில் இல்லாத நாட்டிலிருந்து வந்தவர்கள்

அமெரிக்க நாடக மேடையில் போலந்துக்காரர் என்றதும் யாருடைய முகம் நினைவுக்கு வருகிறது என்று அமெரிக்க நண்பர்களைக் கேட்டிருக்கிறேன். அநேகமாக எல்லோரும் சொன்ன பெயர் ஸ்டான்லி கோவால்ஸ்கி. டென்னசி வில்லியம்ஸின் 'எ ஸ்ட்ரீட்கார் நேம்டு டிசையர்' 1947 டிசம்பரில் நியூயார்க்கில் மேடையேறியபோது மார்லன் பிராண்டோ ஏற்ற பாத்திரம் அது. பனியன் போட்ட கட்டுடல், சீட்டாட்டம், கூச்சல், கை நீட்டுகிற முரட்டுத்தனம். தன் இனத்தைக் கொச்சைப் பெயரால் அழைத்ததும் சீறி எழுந்து, தான் அசல் அமெரிக்கன் என்று அவன் முழங்குகிற இடம் ஒன்று உண்டு. கல்லூரி நாட்களில் அந்த நாடகத்தைப் படித்தபோது போலந்து பற்றி எனக்குத் தெரிந்திருந்ததெல்லாம் அந்த ஒரு மனிதனும் அவனுடைய கோபமும்தான்.

நாடகம் நடப்பது நியூ ஆர்லியன்ஸில். வெகுகாலம் கழித்து மேற்கிலிருந்து ரயிலில் அந்த ஊருக்குப் போனேன். ஊரை நெருங்கும்போது வண்டி மெல்ல ஏறத் தொடங்கியது. நெடுந்தூரம் ஏறிக்கொண்டே போய், மிசிசிப்பி ஆறு கீழே பழுப்பாகத் தெரிகிற உயரத்தில் ஹியூயி பி. லாங் பாலத்தைக் கடந்தது. 1935-ல் திறந்த பாலம். வடிவமைத்தவர் ரால்ஃப் மோட்ஜெஸ்கி. பிலடெல்பியாவில் 1926-ல் திறந்த பெஞ்சமின் பிராங்க்ளின் பாலத்திலும் அவர் கை இருக்கிறது. கோவால்ஸ்கி சீட்டாடிய ஊருக்குள் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது இன்னொரு போலந்துக்காரர் போட்ட பாலம். அவருடைய தாயார் ஹெலெனா மோட்ஜெஸ்கா, அமெரிக்கா ஒரு காலத்தில் கொண்டாடிய ஷேக்ஸ்பியர் நடிகை. பிராண்டோ பிறப்பதற்குப் பல வருடங்களுக்கு முன்பே அமெரிக்க மேடையில் ஒரு போலந்துப் பெண் லேடி மேக்பெத்தாகவும் ரோசலிண்டாகவும் நின்றிருக்கிறார். அவரை மறந்துவிட்டு கோவால்ஸ்கியை நினைவில் வைத்துக்கொண்டது அந்த நாடு. போலந்துக் கலைஞர்களைப் பற்றி அமெரிக்காவில் நாடகம் போடுகிறவர்கள் எல்லோரும் இந்த மறதியோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

தென் கலிபோர்னியாவில் வசித்த காலத்தில் அப்படிப்பட்ட சிறு குழு ஒன்றோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது. போலிஷ் தேவாலயத்தின் மண்டபத்தில் சனிக்கிழமை மாலைகளில் கூடுவார்கள். விளக்குகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள், போய்ச் சேர்ந்தேன். மோட்ஜெஸ்காவின் வாழ்க்கையை ஆங்கிலத்தில் நாடகமாக்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கே போலிஷ் மொழி பாதி மறந்திருந்தது. அக்கம்பக்கத்து அமெரிக்கர்களும் வரவேண்டும் என்று ஆசை வேறு.

மோட்ஜெஸ்காவின் கதை நாடகத்துக்கென்றே நடந்தது போன்ற கதை. 1840-ல் கிராக்கோவில் பிறந்தார். வார்சா மேடையில் உச்சத்தில் இருந்தபோது, 1876-ல், கணவர், பதினைந்து வயது மகன், சில நண்பர்களோடு கடல் கடந்து வந்து அனஹைமில் பண்ணை வைத்தார். அவர்களுக்காக முன்னாலேயே வந்து நிலைமையைப் பார்த்து எழுதியவர் ஹென்ரிக் சியென்கியேவிச். பிற்பாடு, 1905-ல், நோபல் பரிசு வாங்கிய நாவலாசிரியர். படித்தவர்களும் கலைஞர்களும் கூடி நடத்திய பண்ணை அது. மாடுகள் இருந்தன, கறக்க ஆளில்லை. பக்கத்துப் பண்ணையில் பாலை விலைக்கு வாங்கினார்கள். கையிலிருந்த பணம் கரைந்தது. மோட்ஜெஸ்கா சான்பிரான்சிஸ்கோவுக்குப் போய்ச் சில மாதங்கள் ஆங்கிலம் படித்தார். 1877 ஆகஸ்ட் 20 அன்று கலிபோர்னியா தியேட்டரில் 'அட்ரியன் லெகூவ்ரர்' நாடகத்தில் ஆங்கிலம் பேசி நடித்தார். அப்போது வயது முப்பத்தாறு. சொந்த மொழியில் பேரும் புகழும் சம்பாதித்துவிட்டு, அதையெல்லாம் கேள்விப்பட்டிராத கூட்டத்தின் முன் மீண்டும் புதுமுகமாகப் போய் நிற்க எத்தனை துணிச்சல் வேண்டும்!

எங்கள் குழுவின் சிக்கல் வேறு. மோட்ஜெஸ்கா கப்பலேறிய காலத்தில் போலந்து என்ற நாடே வரைபடத்தில் கிடையாது. 1795-லிருந்து 1918 வரை ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் அதைப் பங்குபோட்டு வைத்திருந்தன. இது தெரியாமல் அந்தப் பெண்மணியின் தவிப்பு புரியாது என்று இயக்குநர் நினைத்தார். ஆகவே திரை விலகியதும் ஒருவர் பெரிய வரைபடத்தோடு வந்து வரலாறு சொன்னார். போலிஷ் பெரியவர்கள் தலையாட்டினார்கள், அவர்களுக்கு அது தெரிந்த கதை. அமெரிக்கர்கள் கையைக் கட்டிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்தார்கள். அதன்பிறகு மோட்ஜெஸ்கா அழுதபோதும் சிரித்தபோதும் அவர்கள் அந்த வகுப்பிலிருந்து வெளியே வரவில்லை. விளக்குப் பலகையின் பின்னாலிருந்து பார்த்தால் பார்வையாளர்களின் முகங்கள்தான் தெளிவாகத் தெரியும்.

குழுவில் உடைகள் தைத்துக் கொடுத்த முதிய பெண்மணி ஒருவர் இருந்தார். விரோட்ஸ்வாவ் நகரத்துக்காரர், எண்பதுகளில் அமெரிக்கா வந்தவர். அந்த ஊரின் தற்கால நாடக அரங்கை 1975-லிருந்து நடத்தியவர் காசிமியெஷ் பிரவுன். 1983-ல் அவர் அல்பேர் கம்யூவின் 'கொள்ளைநோய்' நாவலை மேடையேற்றினார். நோய் பிடித்து வாசல்கள் அடைபட்ட நகரம் மேடையில். வெளியே ராணுவச் சட்டத்தின் பிடியில் கிடந்த போலந்து. யாரும் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. நடிகர் ஒருவர் ஒரு நொடி பேசாமல் நின்றால் அந்த மௌனத்தின் பொருள் அரங்கம் முழுவதற்கும் தெரிந்தது என்று அந்த அம்மா சொன்னார். பிரவுனுக்கும் தெரிந்தது, அரசாங்கத்துக்கும் தெரிந்தது. 1984-ல் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். அடுத்த ஆண்டு அவர் அமெரிக்கா வந்து, பின்னர் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். வந்தபின் அவர் எழுதிய நாடகங்களின் நாயகர்களைப் பாருங்கள்: மோட்ஜெஸ்கா, பியானோ மேதை பதெரெவ்ஸ்கி, ஊமைப்பட நட்சத்திரம் போலா நெக்ரி, ஓவியர் தமாரா லெம்பிட்ஸ்கா. எல்லோரும் கடல் கடந்து வந்து, தங்களைத் தெரியாதவர்கள் முன் நின்றவர்கள். ஒரு மௌனமே போதும் என்றிருந்த அரங்கிலிருந்து, எதையுமே முன்னறியாத அரங்குக்கு வந்த இயக்குநர், தன் நிலைமையைத் தனக்கு முன்னால் வந்தவர்களின் வாழ்க்கையில் தேடியிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தையல் அம்மா இயக்குநரிடம் ஒரு யோசனை சொன்னார். வரைபடத்தை எடுத்துவிடுங்கள். நாடகம் சான்பிரான்சிஸ்கோ அறையில் தொடங்கட்டும். மோட்ஜெஸ்கா ஆங்கில வசனத்தை உருப்போட்டுக்கொண்டிருக்கிறாள், ஒரு சொல்லில் நாக்கு இடறுகிறது, அரங்கைப் பார்த்துக் கேட்கிறாள்: இதை எப்படிச் சொல்வீர்கள்? அவ்வளவுதான். அடுத்த முறை நாடகம் நடந்தபோது முன்வரிசையிலிருந்து ஒரு கிழவர் திருத்தினார். பின்னாலிருந்து ஒரு சிறுமி அவரைத் திருத்தினாள். சற்று நேரத்தில் மண்டபமே அந்தப் பெண்ணுக்கு ஆங்கில வாத்தியாராகிவிட்டது. பிறகு அவள் தன் ஊர் எந்தச் சக்கரவர்த்தியின் கையில் இருக்கிறது என்று போகிற போக்கில் சொன்னபோது, தங்கள் மாணவியின் துயரமாக அதைக் கேட்டார்கள். வரைபடத்தால் முடியாததை அந்த ஒரு கேள்வி செய்தது. அயல்நாட்டு மனிதர் ஒருவரை மேடையில் நிறுத்துகிறவர்கள், அவரைப் பற்றி என்ன சொல்வது என்று யோசிப்பதற்கு முன்னால், பார்க்க வந்தவர்களை எங்கே நிறுத்துவது என்று யோசிக்கவேண்டும். நான் பார்த்தும் படித்தும் கேட்டும் சேர்த்த நினைவுகள் எல்லாம் இந்த இடத்தையே சுற்றி வருகின்றன.

ஹெர்ஷி ஃபெல்டரின் 'மொஸ்யே ஷோபின்' பார்த்த மாலை நினைவிருக்கிறது. ஒரே நடிகர், ஒரு பியானோ, பாரிஸ் வீட்டு வரவேற்பறை. காலம் 1848 மார்ச், பாரிஸில் அந்த ஆண்டுப் புரட்சி வெடித்த சில நாட்களில். பாடம் கேட்க வந்த மாணவர்கள் நாங்கள்தான். ஷோபின் எங்களை வரவேற்று, வாசிப்பதற்கு முன் மூச்சைப் பற்றியும் விரல்களைப் பற்றியும் சொல்லிக்கொடுத்து, நடுநடுவே தன் கதையைச் சொன்னார். பிற்பகுதியில் கேள்வி நேரம். ஷோபினாகவே இருந்துகொண்டு பதில் சொன்னார். ஷோபினின் வாழ்க்கையை அமெரிக்கர்கள் முன்பும் பலமுறை காட்டியிருக்கிறார்கள். 1928-ல் பிராட்வேயில் 'ஒயிட் லைலாக்ஸ்' என்ற இசைநாடகம் வந்தது. 1945-ல் கார்னெல் வைல்ட் நடித்த ஹாலிவுட் படம். அதே 1945-ல் பிராட்வேயில் 'பொலொனேஸ்': போலந்து வீரர் கோஷ்சியுஷ்கோ காலத்துக் கதை, ஷோபினின் மெட்டுகள், யான் கியெபுராவும் மார்த்தா எகெர்த்தும் பாடினார்கள். நூறு காட்சிகளைச் சற்றே தாண்டி நின்றுபோனது. அவற்றிலெல்லாம் ஷோபின் காதலன், அல்லது மெட்டுகளின் களஞ்சியம். வார்சாவின் திருச்சிலுவைத் தேவாலயத் தூணுக்குள் அவருடைய இதயம் இருக்கிறது, உடல் பாரிஸில் கிடக்கிறது என்ற செய்தி, மாணவனாக உட்கார்ந்து கேட்ட அந்த மாலையில்தான் எனக்கு உறைத்தது.

மோட்ஜெஸ்கா கட்டிய வீடு ஆரஞ்சு கவுண்டியில், சாண்டியாகோ பள்ளத்தாக்கில், ஓக் மரங்களுக்கு நடுவே இன்றும் இருக்கிறது. கட்டடக் கலைஞர் ஸ்டான்ஃபோர்டு ஒயிட் 1888-ல் வரைந்து கொடுத்தது. ஷேக்ஸ்பியரின் காட்டின் பெயரான ஆர்டன்தான் வீட்டின் பெயர். பள்ளத்தாக்குக்கும் மலைச் சிகரத்துக்கும் மோட்ஜெஸ்கா என்றே பெயர். கென்டக்கியின் லூயிவில் நகரத்தில் மார்ஷ்மெல்லோவைக் கேரமலில் தோய்த்த ஒரு மிட்டாய்க்கும் அதே பெயர். அந்த ஊரில்தான் 1883-ல் இப்சனின் நோராவை, பெயரும் முடிவும் மாற்றிய வடிவத்தில், அவர் நடித்துக் காட்டினார். மலைக்கும் மிட்டாய்க்கும் பெயரை வைத்துவிட்டு ஆளை மறப்பது எப்படி முடிகிறது என்று அந்த வீட்டு முற்றத்தில் நின்று யோசித்திருக்கிறேன்.

எங்கள் நாடகத்தின் உச்சக்காட்சி 1893 சிகாகோ. உலகக் கண்காட்சியை ஒட்டி நடந்த பெண்கள் மாநாட்டில் ரஷ்யாவின் பிடியிலிருந்த போலந்துப் பெண்கள் சார்பில் பேசவேண்டியவர்கள் வரவில்லை. வந்தால் திரும்பிப் போகும்போது என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். மோட்ஜெஸ்கா மேடையேறினார், எழுதி வைத்ததைத் தாண்டிப் பேசினார். தன் நாட்டைக் கூறுபோட்டவர்களை உலகத்தின் முன் நிறுத்தினார். அதற்குப் பிறகு ஜார் அரசாங்கம் அவரைத் தன் எல்லைக்குள் விடவில்லை. தன்னை உருவாக்கிய வார்சா மேடையில் அவர் மீண்டும் நடிக்கவே முடியாமல் போயிற்று. இந்தக் காட்சியில் எங்கள் இயக்குநர் மண்டபத்தின் எல்லா விளக்குகளையும் எரியவிடச் சொன்னார். பார்வையாளர்கள் மாநாட்டுப் பிரதிநிதிகளானார்கள். பக்கத்தில் இருப்பவர் முகம் தெரிகிற வெளிச்சத்தில் கேட்கிற பேச்சு வேறுமாதிரிதான் இருக்கிறது.

பார்வையாளர்களைக் கதைக்குள் நிறுத்தும் இந்த வித்தையை எங்கே கற்றீர்கள் என்று தையல் அம்மாவிடம் கேட்டேன். போலந்து நாடக இயக்குநர் குரோட்டோவ்ஸ்கியிடம் என்றார். அந்த அம்மா இளமையில் பார்த்தவை குரோட்டோவ்ஸ்கியின் சோதனை அரங்கு நடத்திய நாடகங்கள். 'அக்ரோபொலிஸ்' நாடகத்தில் வதைமுகாம் கைதிகள் புகைபோக்கிக் குழாய்களைத் தூக்கிக்கொண்டு பார்வையாளர்களுக்கு நடுவே கட்டிக்கொண்டே போவார்கள், ஆனால் ஒருவரையும் பார்க்கமாட்டார்கள். நடிப்பவர்கள் செத்தவர்கள், பார்ப்பவர்கள் உயிரோடிருப்பவர்கள். 1969-ல் குழு நியூயார்க் வந்தபோது வாஷிங்டன் சதுக்கத்து மெதடிஸ்ட் தேவாலயத்தில், மிகச் சிலரை மட்டும் உள்ளே விட்டு, போலிஷ் மொழியிலேயே நடத்தினார்கள். மொழி புரியாத அமெரிக்க நாடகக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு வருடக்கணக்காகப் பேசினார்கள். பின்னர் குரோட்டோவ்ஸ்கியே ஒரு அமெரிக்கப் படைப்பின் மையமானார்: 'மை டின்னர் வித் ஆந்த்ரே' படத்தில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஆந்த்ரே கிரகரி சொல்லும் போலந்துக் காட்டு அனுபவங்கள் அவரோடு பட்டவை. ராணுவச் சட்டத்துக்குப் பின் போலந்தை விட்டவர், 1983-லிருந்து சில ஆண்டுகள் இர்வைன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். மோட்ஜெஸ்காவின் ஓக் மரங்கள் இருக்கும் அதே கவுண்டி.

குரோட்டோவ்ஸ்கியின் பெயரைக் கேட்டதும் நான் அந்த அம்மாவிடம் சொன்ன செய்தி அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. போர்க்காலத்தில் ஒரு கிராமத்தில் வாழ்ந்த சிறுவன் குரோட்டோவ்ஸ்கிக்கு அவன் தாய் கொண்டுவந்து கொடுத்த புத்தகங்களில் ஒன்று பால் பிரண்டன் இந்தியாவைப் பற்றி எழுதியது. அதில் ரமணரைப் பற்றிப் படித்தது கடைசிவரை அவரை விடவில்லை. 1999 ஜனவரியில் இத்தாலியில் இறந்தார். அவர் விருப்பப்படி அஸ்தியை அருணாசல மலையில் தூவினார்கள். என் தாய்வழி ஊர் திருவண்ணாமலை. சிறுவயதில் நான் கிரிவலம் வந்த மலையில் தன் ஊர் நாடகக்காரரின் சாம்பல் கலந்திருக்கிறது என்று கேட்டதும் அந்த அம்மா கையிலிருந்த தையலைக் கீழே வைத்துவிட்டு மலையைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். உயரம் என்ன, செடி கொடி உண்டா, செருப்புப் போட்டு நடக்கலாமா.

பார்க்க வந்தவர்களை எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கே திரும்பினால், ஓவியர் தமாரா லெம்பிட்ஸ்காவை அமெரிக்கர்கள் இரண்டு விதமாகப் பார்த்திருக்கிறார்கள். கனடா நாடகாசிரியர் ஜான் கிரிசாங்கின் 'தமாரா' 1984-லிருந்து கிட்டத்தட்ட ஒன்பது ஆண்டுகள் ஹாலிவுட்டில் ஒரு பழைய கட்டடத்தின் அறைகளில் நடந்தது. 1927, முசோலினி காலத்து இத்தாலி, கவிஞர் தனுன்சியோவின் மாளிகை. வாசலில் பாசிசக் காவலர் அடையாளத்தாள் கொடுப்பார், தொலைக்காமல் வைத்திருக்கவேண்டும். பிறகு யார் பின்னால் போவது என்பது பார்வையாளரின் விருப்பம். சமையலறைக்குப் போனவருக்கு ஒரு கதை, படுக்கையறைக்குப் போனவருக்கு வேறு கதை. இடைவேளையில் விருந்து சாப்பிட்டபடி ஒருவர் பார்த்ததை மற்றவர் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். 2024-ல் பிராட்வேயில் வந்த 'லெம்பிட்ஸ்கா' இசைநாடகத்தில் பணம், குரல், பளபளப்பு எதற்கும் குறையில்லை. ஈடன் எஸ்பினோசா உயிரைக் கொடுத்துப் பாடினார். ஏப்ரல் 14 அன்று தொடங்கி மே 19-ல் நின்றுவிட்டது. இரண்டு உலகப் போர்களும் ஒரு புரட்சியும் மேடையில் ஓடின; நாற்காலியில் இருந்தவர்கள் நாற்காலியிலேயே இருந்தார்கள். கலைஞர்களின் உழைப்பை மதிக்கிறேன், ஆனாலும் அந்த ஓவியரை அறிந்துகொள்ள நான் தேர்ந்தெடுப்பது காவலர் தாள் கொடுக்கும் வாசலைத்தான்.

யான் கார்ஸ்கி கலைஞர் அல்லர், தூதர். நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவுக்குள் 1942-ல் நுழைந்து கண்ணால் பார்த்ததை லண்டனிலும் வாஷிங்டனிலும் சொன்னவர். 1943 ஜூலையில் ரூஸ்வெல்ட்டைச் சந்தித்தார். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபீலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தன்னால் நம்ப முடியவில்லை என்றார். ஃபிராங்க்ஃபர்ட்டர் யூதர். பின்னர் கார்ஸ்கி ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பாடம் நடத்தினார். அதே பல்கலைக்கழகத்தில் உருவான 'ரிமெம்பர் திஸ்' நாடகத்தில் டேவிட் ஸ்ட்ராதெய்ர்ன் ஒருவரே எல்லோரையும் நடிக்கிறார். ஒரு மேசை, இரண்டு நாற்காலி. 2022-ல் புரூக்ளினில் அதைப் பார்த்தேன். கெட்டோவின் தெருவை அவர் சொல்லிக்கொண்டே வரும்போது எங்கள் இடம் எது என்று மெல்லத் தெளிந்தது. கேட்டுவிட்டு நம்ப மறுத்தவரின் நாற்காலியில் எங்களை உட்கார வைத்திருந்தார்கள். நாடகம் முடிந்து வெளியே வந்தபோது தெருவில் யாரும் சட்டென்று பேச்சைத் தொடங்கவில்லை.

பெரிய நடிகரும் வேண்டாம், பெரிய அரங்கும் வேண்டாம் என்பதற்குக் கான்சாஸ் மாநிலத்தின் யூனியன்டவுன் என்ற சிற்றூர் இருக்கிறது. 1999-ல் அந்த ஊர்ப் பள்ளி மாணவிகள் வரலாற்றுப் போட்டிக்காக ஐரீனா சென்ட்லரைப் பற்றிச் சிறு நாடகம் எழுதினார்கள். வார்சா கெட்டோவிலிருந்து குழந்தைகளை வெளியே கடத்திவந்து, அவர்களின் உண்மைப் பெயர்களை எழுதிக் குப்பியில் புதைத்து வைத்த சமூகப் பணியாளர். அவர் உயிரோடிருக்கிறார் என்று பிறகுதான் மாணவிகளுக்குத் தெரியவந்தது. 2001-ல் வார்சாவுக்கே போய்ச் சந்தித்தார்கள். போலந்திலேயே அதிகம் பேர் அறியாதிருந்த பெண்மணி அவர். நாடகம் ஊர் ஊராகப் போனது, செய்தி திரும்பி வார்சாவை எட்டியது, 2003-ல் வெண்கழுகு விருதை நாடு அவருக்குக் கொடுத்தது. கான்சாஸின் கோதுமை வயல்களுக்கு நடுவிலிருந்து போலந்துக்குப் போலந்தையே ஞாபகப்படுத்திய அந்தப் பிள்ளைகளை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைகிறது.

தையல் அம்மாவும் நானும் கடைசியாகப் பேசிக்கொண்டிருந்தது, இன்னும் எழுதப்படாத ஒரு மோட்ஜெஸ்கா நாடகத்தைப் பற்றி. 1884-ல் மோட்ஜெஸ்கா சொந்த ஊர்ப் பக்கம் போயிருந்தபோது பதெரெவ்ஸ்கி என்ற இளைஞனைச் சந்தித்தார். செம்பட்டை முடி, இருபத்துமூன்று வயது, மேலே படிக்கப் பணமில்லை. கிராக்கோவில் அவனுக்கு ஒரு கச்சேரி ஏற்பாடு செய்து, கூட்டம் சேரவேண்டும் என்பதற்காகத் தானும் மேடையேறிக் கவிதை வாசித்தார். அந்தப் பணம் அவனை வியன்னாவுக்குப் படிக்க அனுப்பியது. இருபத்தோரு ஆண்டுகள் கழித்து, 1905 மே 2 அன்று, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா மாளிகையில் மோட்ஜெஸ்காவைக் கௌரவிக்க ஒரு பெருவிழா நடந்தது. முன்னின்று ஏற்பாடு செய்தவர் பதெரெவ்ஸ்கி. அப்போது உலகமே கொண்டாடும் பியானோ மேதை. 1919-ல் சுதந்திரப் போலந்தின் பிரதமராகப் போகிறவர். விழா நாளில் உடல்நலமில்லாமல் அவரால் வரமுடியவில்லை. மோட்ஜெஸ்கா மேக்பெத்திலிருந்து நடித்தார்.

நியூயார்க் விழாவில் நாடகம் தொடங்கட்டும் என்றேன் நான். அமெரிக்கர்களுக்குத் தெரிந்த மாளிகை, வராத நண்பரின் காலி இருக்கை, அங்கிருந்து பின்னோக்கிப் போகலாம். அந்த அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. கிராக்கோவில்தான் தொடங்கவேண்டும், பார்வையாளர்கள் 1884-ன் கிராக்கோவாசிகளாக இருக்கவேண்டும் என்றார். அப்படியானால் அவர்கள் வாங்கும் சீட்டு பதெரெவ்ஸ்கியின் கச்சேரிச் சீட்டாகவே இருக்கவேண்டும், அதில் மோட்ஜெஸ்காவின் பெயர் பெரிய எழுத்திலும் அந்தப் பையனின் பெயர் கீழே சிறிய எழுத்திலும் அச்சாகவேண்டும், வியன்னாவுக்குப் போகிற பையனின் படிப்புக்கு என்று டிக்கெட் கொடுப்பவர் வாய்விட்டுச் சொல்லியே காசு வாங்கவேண்டும் என்றேன். அப்படியே செய்யலாம், ஆனால் மோட்ஜெஸ்காவின் பெயர் போலிஷ் எழுத்துக்கூட்டலில்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு, அன்றைய கிராக்கோவில் கச்சேரிக்கு என்ன உடை உடுத்திப் போவார்கள் என்று ஒரு காகிதத்தில் வரையத் தொடங்கினார்.